குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியில் கொதிக்கும்: மலையில் தெர்மாமீட்டரைச் சரிபார்ப்பது எப்படி

கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மலைக்கு வந்த புதிதில், ஒரு தேயிலை பேக்டரியின் ட்ரையர் தெர்மாமீட்டரை நானே கெடுத்தேன். கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், 94 காட்டியது. தண்ணீர் 100-இல்தானே கொதிக்கும் என்று திருகைத் திருப்பி 100 ஆக்கிவிட்டேன். அன்றிலிருந்து ட்ரையர் உண்மையில் ஆறு டிகிரி குறைவாக ஓடியது. மூன்று சதவீத ஈரத்தில் இறங்க வேண்டிய தூள் அதைவிட ஈரமாகவே மூட்டைக்குப் போனது. சில வாரத்தில் வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது. மீட்டர் சரியாகத்தான் இருந்தது, நான்தான் மலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது என்னிடம் வேலை பழக வரும் தம்பிகளுக்கு முதல் நாளே சொல்லித் தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கட்டுப்பாடு. எடுத்தவுடன் எதையும் திருத்தாதீர்கள். மீட்டர் இன்று என்ன காட்டுகிறது என்பதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். திருத்திய பிறகு பழைய பிழை எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. போன மாதம் காய்ந்த தூள் எந்தச் சூட்டில் காய்ந்தது என்பதற்கு அந்த ஒரு எண்தான் சாட்சி.

பிறகு பனிக்கட்டி. பூஜ்ஜியம் டிகிரியை மலை தொந்தரவு செய்யாது. ஊட்டி உயரத்தில்கூட பனி உருகும் வெப்பநிலை டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் மாறும். ஆனால் செய்முறையில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மீன் கடை ஐஸ் வேண்டாம். அதில் உப்புப் பட்டிருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணியில் சுற்றி, கல்உப்பு அளவுக்கு நொறுக்குங்கள். ஃப்ரீசரிலிருந்து வந்த ஐஸ் மைனஸில் இருக்கும். அதனால் அதே தண்ணீரை, ஐஸ் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். வெள்ளையாக இருந்த ஐஸ் கண்ணாடிபோல மாறினால் பதம் வந்துவிட்டது.

பாத்திரத்துக்கு வாய் அகன்ற பிளாஸ்க் நல்லது. ப்ரோப்பை, அதாவது சூட்டை உணரும் கம்பியை, அடியில் முட்ட விடாதீர்கள். தண்ணீர் நான்கு டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், ஐஸ் மேலே மிதக்க அந்த நான்கு டிகிரித் தண்ணீர் அடியில் தேங்கும். அங்கே முனை பட்டால் நல்ல மீட்டரும் இரண்டு, மூன்று காட்டும். அடித் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட்டு ஐஸை அழுத்திவிடுங்கள். ஆறு மில்லிமீட்டர் தடிமன் ப்ரோப் என்றால் குறைந்தது ஒன்பது, பத்து சென்டிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிச் சூடு கம்பி வழியே இறங்கும். கால் மணி நேரம் பொறுத்து, நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து முறை குறித்துச் சராசரி எடுங்கள்.

அடுத்து கொதிநிலை. இதற்கு என் கருவி வீட்டு இட்லிப் பானை. மூடியில் ஒரு துளை போட்டு, ரப்பர் கார்க் வழியே ப்ரோப்பை இறக்கினால் போதும். முனை தண்ணீரைத் தொடக்கூடாது, ஆவியில் நிற்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் தன் கொதிநிலையைவிடக் கொஞ்சம் மேலே போய் வரும், கரைந்திருக்கும் உப்பும் அதைக் கெடுக்கும். ஆவி அப்படி ஏமாற்றாது. ஆவி வெளியேற இன்னொரு துளை கட்டாயம் வேண்டும். அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறி, எல்லாம் பிசகும்.

ஆவி இந்த இடத்தில் எத்தனை டிகிரி? அதைக் காற்றழுத்தம் சொல்லும். 845 மில்லிபார் என்றால் 95.0, 815 என்றால் 94.0, 780 என்றால் 92.8. குன்னூரில் என் பட்டறையில் பெரும்பாலும் 815-ஐ ஒட்டியே இருக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 780 பக்கம் வரும். இந்த வட்டாரத்தில் ஒரு மில்லிபாருக்கு 0.03 டிகிரி தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஒரே நாளிலேயே காலை பத்து மணி வாக்கில் ஏறி, மாலை நான்கு மணி வாக்கில் இறங்கும். அதனால் காலையில் பார்த்த எண்ணை மாலைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. போனில் வானிலை ஆப்பைத் திறந்தால் குன்னூருக்கும் 1014 என்று காட்டும். அது கடல் மட்டத்துக்கு மாற்றிய கணக்கு, நமக்கு உதவாது. நாம் நிற்கும் இடத்தின் அழுத்தம்தான் வேண்டும். அழுத்த சென்சார் உள்ள போனில் அதை நேராகப் படிக்கும் ஆப் இருக்கிறது. போன மாதம் ஒரு தம்பி 1014-ஐ வைத்துக்கொண்டு, "அண்ணா, மீட்டர் ஆறு டிகிரி குறைச்சலா காட்டுது" என்று ஓடி வந்தான். எனக்கு என் பழைய ட்ரையர்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்து சர்வேயர்கள் இதையே திருப்பிப் போட்டு, தண்ணீர் கொதிக்கும் சூட்டை அளந்து மலையின் உயரத்தைக் கணக்கிட்டார்கள்.

இரண்டு புள்ளியும் கிடைத்துவிட்டால் கணக்கு எளிது. பனியில் 0.4 காட்டியது, உண்மை 94.0 இருந்த ஆவியில் 95.2 காட்டியது என்று வைப்போம். 95.2-இல் அந்த 0.4 போனால் 94.8. 94.0-ஐ 94.8-ஆல் வகுத்தால் 0.9916. இனி மீட்டர் 80 காட்டினால் அதில் 0.4 கழித்து 0.9916-ஆல் பெருக்குங்கள், 78.9 வரும். மீட்டரில் திருத்தும் வசதி இருந்தால் இந்த இரண்டு எண்ணையும் உள்ளே ஏற்றலாம். இல்லாவிட்டால் அட்டையில் எழுதிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். எனக்கு அட்டைதான் பிடிக்கும், எல்லோர் கண்ணிலும் படும். ஏற்றிய பின் பனியிலும் ஆவியிலும் மறுபடி ஒரு முறை விட்டுப் பார்க்க வேண்டும்.

பி.டி.100 சென்சார் (சூடு ஏற ஏற மின்தடை கூடும் பிளாட்டினம் சென்சார்) என்றால் பிழை சென்சாரிலா, காட்டும் பெட்டியிலா என்று பிரித்துப் பார்க்கலாம். சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 100 ஓம் மின்தடை கொடுத்தால் பெட்டி 0 காட்ட வேண்டும், 138.51 ஓம் கொடுத்தால் 100. இதற்கு மலையும் இல்லை, சமவெளியும் இல்லை. பெட்டி சரியாக இருந்தும் அளவு கூடுகிறதா? வயரைப் பாருங்கள். 0.385 ஓம் கூடினாலே ஒரு டிகிரி கூடிவிடும். மெல்லிய இரண்டு வயரைப் பத்து மீட்டர் இழுத்தால் இரண்டு டிகிரி வரை போகும். மூன்று வயர் இணைப்பாக மாற்றுங்கள், வயரின் தடையைப் பெட்டியே கழித்துவிடும். நம்மூர் ஈரத்தில் டெர்மினல் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மழைக்காலத்தில் எனக்கு வரும் புகாரில் பாதி அந்தப் பச்சைதான்.

ஈரப்பத மீட்டருக்குச் சமையல் உப்பு போதும். ஒரு மூடியில் உப்பு வைத்துச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல்போல ஆக்குங்கள், கரைந்து ஓடக்கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் மீட்டரோடு ஒரு ராத்திரி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். ஈரத்துணி சுற்றிய இரட்டைத் தெர்மாமீட்டருக்கு அட்டவணை பார்க்கிறவர்கள் மட்டும் கவனியுங்கள்: கடல் மட்ட அட்டவணை இங்கே குறைத்துச் சொல்லும். உலர்ந்தது 20, ஈரத்துணி சுற்றியது 16 காட்டினால் அது 66 சதவீதம் என்னும், குன்னூரில் உண்மை 68-ஐத் தாண்டும்.

கடைசியாகத் தராசு. எலக்ட்ரானிக் தராசு பொருளின் நிறையை நேராக அளப்பதில்லை, தட்டை அழுத்தும் விசையை அளக்கிறது. உயரத்தில் புவியீர்ப்பு கொஞ்சம் குறைவு. கோயம்புத்தூரில் சரிபார்த்த தராசை ஊட்டிக்குக் கொண்டுவந்தால் 10 கிலோவுக்கு நான்கைந்து கிராம் குறைத்துக் காட்டும். எடைக்கல்லைச் சந்தேகப்படாதீர்கள், எம்1 என்னும் துல்லியத் தரத்து 10 கிலோக் கல்லில் அனுமதித்த பிழையே அரை கிராம்தான். தராசு எந்த மேசையில் நிற்கப்போகிறதோ அங்கேயே சமன் பார்த்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே இடத்தில் கல் வைத்துச் சரிசெய்யுங்கள். தட்டுத் தராசுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, இரண்டு தட்டுக்கும் ஒரே ஈர்ப்புதான். கடையில் விற்க வைத்திருக்கும் முத்திரைத் தராசின் சீலை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். எடையளவுத் துறை உரிமம் பெற்றவரை அழையுங்கள், மேசைக்கே வரச் சொல்லுங்கள்.