அப்பாவுக்கு கிரீன் கார்டு: பதிவு செய்யாத கல்யாணத்தை நிரூபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிரம்பிய மகனோ மகளோ பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள ஐ-130 மனு போடலாம். அம்மாவுக்கு ஒரு மனு, அப்பாவுக்குத் தனியாக ஒரு மனு. அம்மாவின் மனுவுக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் போதும். அப்பாவின் மனுவுக்கு அதோடு பெற்றோரின் திருமணச் சான்றிதழையும் கேட்பார்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டுக்கு 2009-இல்தான் வந்தது. 1975-லோ 80-லோ ஊரில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்தவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தை எட்டிப் பார்க்க எந்தத் தேவையும் இருக்கவில்லை.

முதல் தவறு பயம். பதிவு இல்லை என்றால் கல்யாணமே செல்லாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது உண்மை இல்லை. திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்பதைத்தான் அமெரிக்க அதிகாரி முதலில் பார்ப்பார். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சடங்குகளைப் பற்றிப் பேசுகிறது. பதிவேட்டில் ஏறாததால் திருமணத்தின் செல்லுபடித் தன்மை பாதிக்கப்படாது என்று 8-ஆம் பிரிவே சொல்கிறது. சுயமரியாதைத் திருமணங்களுக்கு அண்ணா ஆட்சியில் 1967-இல் சேர்த்த 7-ஏ பிரிவு இருக்கிறது. உற்றார் உறவினர் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். அந்தத் திருத்தம் அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் பொருந்தும். ஆக, கல்யாணம் செல்லும். அதைக் காட்டுவதுதான் வேலை.

இந்தப் பயம்தான் அடுத்த தவறில் கொண்டுபோய் விடுகிறது. "ஒரே வாரத்தில் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் போகிறார்கள். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால், பழைய கல்யாணத்தை இந்து திருமணச் சட்டத்தின் கீழ் இப்போது பதிவு செய்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழில் திருமணம் நடந்த நாள் வேறு, பதிவான நாள் வேறு என்று இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். சில தரகர்கள் சுலபமாக முடிகிறது என்று சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் புதுத் திருமணமாகவே நடத்திவிடுகிறார்கள். அப்போது என்ன ஆகும் தெரியுமா? மகன் பிறந்தது 1982, பெற்றோர் திருமணம் 2024 என்று காகிதம் பேசும். அப்பாவின் மனுவுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் வேண்டியதில்லை. கையில் வாங்கியதும் தேதியை அங்கேயே நின்று சரிபாருங்கள். பதிவான நாளையே பொய்யாகப் பழைய தேதியாகப் போட்டுத் தரச் சொல்வது அதைவிட மோசம். போலி ஆவணம் கொடுத்தது தெரியவந்தால், அமெரிக்காவுக்குள் வரவே வாழ்நாள் தடை விழக்கூடும்.

ஒழுங்காகப் பதிவு செய்து வாங்கிய சான்றிதழ்கூடத் தனியாக நின்றால் பலம் குறைவுதான். நாற்பது வருடம் கழித்து, அதுவும் மனு போடுவதற்குச் சற்று முன்னால் வாங்கியது என்பதை அதிகாரி கவனிப்பார். அந்தக் காலத்திலேயே உருவான காகிதங்களைத் தேடி எடுத்துக் கூட வைக்க வேண்டும்.

நம் வீடுகளில் அப்படிப்பட்ட காகிதங்களுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாணப் பத்திரிகை, கோயிலில் நடந்திருந்தால் கட்டணம் கட்டிய ரசீது, பரணில் கிடக்கும் மொய் நோட்டு. அப்பா அரசு ஊழியர் என்றால் பணிப் பதிவேட்டில் மனைவி பெயரில் நாமினேஷன் இருக்கும். எல்.ஐ.சி. பாலிசி, பழைய ரேஷன் கார்டு, "இன்னாரின் மனைவி" என்று எழுதிய கிரயப் பத்திரம், கணவன் அல்லது மனைவி பெயர் அச்சான பாஸ்போர்ட் பக்கம், பிள்ளைகளின் டி.சி. இப்படி நிறைய உண்டு. பெற்றோரில் ஒருவர் இறந்துவிட்டால் இப்போது பதிவு செய்யும் வழி அடைபட்டுவிடும். அப்போது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் கைகொடுக்கும். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய உறவும் ஒரே தாளில், அரசு முத்திரையோடு இருக்கும். இதைப் பலர் சொத்து விவகாரத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் சர்ச் பதிவேட்டையும், முஸ்லிம்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டையும் முதலில் தேட வேண்டும்.

பத்திரிகையை மொழிபெயர்க்கும்போது ஒரு இடத்தில் அடிக்கடி தப்பு நடக்கிறது. "சித்தார்த்தி வருஷம் தை மாதம்" என்று இருக்கும். சித்தார்த்தி என்றால் 1979 என்று பார்த்து ஜனவரி 1979 என்று எழுதிவிடுவார்கள். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குகிறது. 1979 ஏப்ரலில் பிறந்த சித்தார்த்தியின் தை மாதம் 1980 ஜனவரியில்தான் வரும். மனுவில் 1980, மொழிபெயர்ப்பில் 1979 என்று போய்விட்டால் கேள்வி எழும். இன்னொன்று, சாராம்சத்தை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பக் கூடாது. முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, சரியானது, இரு மொழியும் எனக்குத் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும்.

பெயர் குழப்பமும் இங்கேதான். பத்திரிகையில் "திருவளர்செல்வி ராஜம்மாள்", பாஸ்போர்ட்டில் ராஜேஸ்வரி. அப்பாவுக்குப் பத்திரிகையில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் முழுசாக. இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் போட்டால் மட்டும் போதாது. இரண்டு பெயரையும் இணைக்கும் ஏதாவது ஒரு பழைய ஆவணத்தைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்தது பிரமாணப் பத்திரங்கள், அதாவது அஃபிடவிட். நேராக இதில் குதிப்பதுதான் மிகப் பரவலான தவறு. மனுவைப் பரிசீலிக்கும் அமெரிக்கக் குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். விதிகளில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் திருமணச் சான்றிதழ். அது இல்லை என்றால், பதிவு இல்லை என்று உரிய அலுவலகம் எழுதித் தரும் சான்றும், அதோடு மேலே சொன்ன மாதிரியான இரண்டாம் நிலை ஆதாரங்களும். அவையும் கிடைக்காதபோதுதான் அஃபிடவிட், அதுவும் குறைந்தது இரண்டு. மனு போடுபவரும், மனு யாருக்காகவோ அவரும் இதில் சாட்சி சொல்ல முடியாது. ஆதாரம் ஓரளவு இருக்கிறது என்றாலும் கூடவே அஃபிடவிட்டும் வைப்பது நல்லது என்பது என் கருத்து.

யாரிடம் வாங்குவது? கல்யாணத்தை நேரில் பார்த்தவரிடம். சித்தி மகன் நன்றாக ஆங்கிலம் எழுதுவான் என்று அவனிடம் வாங்குகிறார்கள். அவன் பிறந்த தேதி கல்யாணத்துக்கு ஐந்து வருடம் பிந்தியதாக இருக்கும். அஃபிடவிட்டில் பிறந்த தேதியும் ஊரும் எழுதியே ஆக வேண்டும் என்பதால் அது உடனே கண்ணில் படும். அதைவிட எழுபது வயது தாய்மாமா தமிழில் சொல்லி, அதை மொழிபெயர்த்து வைப்பது எவ்வளவோ மேல். அவர் யார், மணமக்களுக்கு என்ன உறவு, எந்த ஊரில், எந்த இடத்தில், என்றைக்குக் கல்யாணம், அவர் அங்கே என்ன செய்தார், யார் தாலி எடுத்துக் கொடுத்தார் என்று அவர் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். நோட்டரி ஆபீஸில் இருக்கும் மாதிரியை அப்படியே அடித்து நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கினால், நான்கும் சேர்ந்து ஒன்றின் மதிப்புக்கூடப் பெறாது. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அந்த மாதிரியில் அக்னி வலம் வந்ததாகவும் புரோகிதர் மந்திரம் ஓதியதாகவும் இருக்கும். புகைப்படத்திலோ மேடை, ஒலிபெருக்கி, தலைமை தாங்கியவர். நடந்ததை நடந்தபடி எழுதி, 7-ஏ பிரிவின் நகலைச் சேர்த்து அனுப்புங்கள்.

அப்பாவுக்கு முன்பே ஒரு திருமணம் இருந்திருந்தால் மறைக்கவே கூடாது. முந்தைய திருமணம் எப்படி முடிந்தது என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள்: மனைவி இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், இல்லையென்றால் நீதிமன்ற விவாகரத்து உத்தரவு. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதிய விடுதலைப் பத்திரம் மட்டும் இருக்கிறது என்றால், அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபிக்க வேண்டிவரும். அங்கே வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

அனுப்பிய ஆதாரம் போதவில்லை என்றால், கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்.எஃப்.இ. என்ற கடிதம் வரும். பதில் அனுப்ப அதிகபட்சம் 12 வாரம்; அதில் குறித்த கெடுவை நீட்டிக்க மாட்டார்கள். கிடைத்ததை முதலில் அனுப்பிவிட்டு மீதியை அப்புறம் அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். முதல் உறை போய்ச் சேர்ந்ததுமே, இருப்பதை வைத்து முடிவெடுங்கள் என்று நீங்கள் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் காகிதம் வாங்கவே சில வாரம் ஓடிவிடும் என்பதால் ஐ-130 மனு போடும் முன்னாலேயே, பதிவு இல்லை என்ற சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் தேடியும் கல்யாணத்தை நிரூபிக்க முடியவில்லை என்றாலும் அப்பாவின் மனு அதோடு முடிந்துவிடாது. மண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையும் அப்பாவுக்கு மனு போடச் சட்டத்தில் இடம் உண்டு. தந்தை என்பதை டி.என்.ஏ. பரிசோதனை காட்டும். கூடவே, பிள்ளைக்கு 21 வயது ஆவதற்கு முன்பே, அதுவும் திருமணமாகாமல் இருந்தபோதே, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் உண்மையான உறவு இருந்ததைக் காட்ட வேண்டும். ஒரே வீட்டில் வாழ்ந்த ரேஷன் கார்டு, அப்பா கட்டிய பள்ளிக் கட்டண ரசீது, அவர் கையெழுத்திட்ட ரேங்க் கார்டு எல்லாம் அதற்கு உதவும். அந்தப் பழைய காகிதங்கள் கிடக்கும் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.