நைட் ஷிப்ட் பாக்குறவங்க உடம்பை எப்படி பாத்துக்கிறது (மலேசியா, பினாங்கு பாயான் லெப்பாஸ் பேக்டரி ஆளுங்களுக்கு)

12 மணி நேர ஷிப்ட் பாக்குற நம்ம ஆளுங்க உடம்பை குறைக்கணும்னு நெனச்சதும் மொதல்ல ஜிம்முக்கு காசு கட்டிடுறாங்க, தூங்குற நேரத்தை வெட்டி அங்க போறாங்க, ரெண்டு வாரத்துல உடம்பு அசந்து போய் எல்லாமே நின்னுடுது. மொதல்ல தூக்கம், அப்புறம் சாப்பாடு, எக்சர்சைஸ் அதுக்கு அப்புறம்தான்.

காலைல 7 மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வீடு வர்றதுக்குள்ள வெயில் ஏறிடும், அந்த வெளிச்சம் கண்ணுல பட்டா மூளை விடிஞ்சிருச்சுன்னு முழிச்சுக்கும். பேக்டரி பஸ்ல வர்றவங்க கருப்புக் கண்ணாடி போட்டுக்குங்க. மோட்டார் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு கண்ணு சொருகுதுன்னா தயவு செஞ்சு 20 நிமிஷம் தூங்கி எழுந்துட்டே கெளம்புங்க, வீட்டுக்கு லேட்டானா பரவால்ல. ரூம் ஜன்னல்ல தடிச்ச கருப்புத் துணி, போன் சைலண்ட், பகல்ல கூப்பிடாதீங்கன்னு சொந்தக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும். காப்பி ராத்திரி 1 மணியோட நிறுத்திடுங்க, குடிச்சு அஞ்சு மணி நேரம் ஆனாலும் பாதி கஃபீன் உள்ள இருக்கும்.

சாப்பாட்டுல பெரிய பிரச்சனை அந்த ராத்திரி 3 மணி கேன்டீன்தான். மீ கோரெங் (பிரட்டின நூடுல்ஸ்) ஒரு தட்டு, கூட இனிப்பா தே தாரே (பால் டீ), அந்த நேரத்துல உடம்பு சர்க்கரையை பகல் மாதிரி சமாளிக்காது. ஷிப்டுக்கு முன்னாடி வீட்டுலயே நல்லா பசியாறிட்டுப் போங்க, நடுவுல அவிச்ச முட்டை, கச்சான் (கடலை), பழம் போதும், குடிக்க தே ஓ கோசோங் (பால், சீனி இல்லாத டீ). 2023 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல 6 பெரியவங்கள்ல ஒருத்தருக்கு சர்க்கரைன்னு வந்திருக்கு, நம்ம இந்திய சனங்ககிட்ட அது ரொம்பவே ஜாஸ்தி, அதனாலதான் இதை இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

எக்சர்சைஸுக்கு உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம் கேக்குது, முன்னாடி ஒரு தடவைக்கு 10 நிமிஷமாவது இருக்கணும்னாங்க, 2020ல அதையும் எடுத்துட்டாங்க. அதனால ஷிப்ட் நாள்ல சாப்பிட்ட பிறகு அஞ்சு நிமிஷ நடை, லிப்டுக்கு பதிலா படி, அவ்ளோதான், வேற எதுவும் வேணாம். லீவு நாள்ல தூங்கி எழுந்து சாயந்திரம் பொட்டானிக் கார்டன் நடங்க, முட்டி நல்லா இருக்கறவங்க தண்ணிமலை முருகன் கோயில் 513 படி ஏறுங்க, கும்பிட்ட மாதிரியும் ஆச்சு காலுக்கு பலமும் ஆச்சு.

ஓடி (ஓவர்டைம்) விஷயம்: சட்டப்படியே மாசத்துக்கு 104 மணி நேரம்தான் உச்சம். அது வரைக்கும் எடுத்தே ஆகணும்னு இல்ல, மாசம் பொறக்கறதுக்கு முன்னாடி வீட்டு செலவை கணக்கு போட்டு எவ்ளோ ஓடி வேணும்னு முடிவு பண்ணிட்டு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க, கடைசி நேரத்துல அவர் வந்து கேட்டா நமக்கு மறுக்க வராது.

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ ஏற்கனவே மருந்து எடுக்கறவங்க ஷிப்ட் மாறும்போது மாத்திரை நேரத்தை நீங்களா மாத்தாதீங்க, கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) போகும்போது உங்க ஷிப்ட் அட்டவணையை டாக்டர்கிட்ட காட்டி கேளுங்க.