உப்புத் தண்ணீரைக் கொதிக்க விடுவதற்கு முன்

திருப்பூரில் சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிற ஆபரேட்டர்களுக்கு முதல் நாளே ஒரு கணக்கு சொல்லிவிடுவேன். சாயக்கழிவை ஆர்.ஓ. மெம்பரேனில் அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிப்போம், மிஞ்சும் உப்புத் தண்ணீர் எவாப்பரேட்டர் என்ற ஆவியாக்கும் கலன்களுக்குப் போகும். ஆர்.ஓ.வில் ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க, உப்பைப் பொறுத்து 2 முதல் 5 யூனிட் கரண்ட் ஆகும். அதே ஆயிரம் லிட்டரை ஒரே கலனில் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் 627 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதனால் எவாப்பரேட்டருக்குள் போகாமல் நீங்கள் தடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் பணம்.

வேலையை அளவெடுப்பதில் தொடங்குங்கள். பல இடங்களில் மொத்த கரண்ட் பில்லை மொத்தத் தண்ணீரால் வகுத்து ஒரு எண் எழுதி வைப்பார்கள். அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. ஆர்.ஓ.வுக்குத் தனி மீட்டர், எவாப்பரேட்டருக்குத் தனி மீட்டர் போடுங்கள். எவாப்பரேட்டரில் பாய்லர் ஸ்டீம் முதல் கலனைச் சூடாக்கும், அதில் எழும் ஆவி அடுத்த கலனைச் சூடாக்கும், இப்படியே தொடரும். ஸ்டீம் மீட்டர் இல்லையென்றால் முதல் கலனின் கண்டன்சேட்டை (சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரான ஸ்டீமை) மட்டும் 200 லிட்டர் டிரம்மில் பிடியுங்கள் (கொதிக்கக் கொதிக்க வரும், கையுறையும் முகக் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்). 8 நிமிடத்தில் டிரம் நிரம்பினால் மணிக்கு ஒன்றரை டன் ஸ்டீம் போகிறது. உள்ளே போன தண்ணீரில் கெட்டியாக வெளிவந்ததைக் கழித்தால் ஆவியானது தெரியும். ஐந்து கலன் தொடரில் 1 டன் ஸ்டீமுக்கு 4 டன்னாவது ஆவியாக வேண்டும். 3 வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது குழாயில் படிவு ஏறியிருக்கிறது.

அடுத்தது ஆர்.ஓ.வின் கடைசிக் கட்டம். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் வருகிறது, டிடிஎஸ் (கரைந்த உப்பு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 6,000 என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதத்தை நல்ல தண்ணீராக மீட்டால் ரிஜெக்ட் (மிஞ்சும் உப்புத் தண்ணீர்) ஒன்றரை லட்சம் லிட்டர், அதன் டிடிஎஸ் 40,000. 90 சதவீதமாக்கினால் ரிஜெக்ட் ஒரு லட்சம் லிட்டர், டிடிஎஸ் 60,000. அழுத்தம் கூடும். உயர் அழுத்த மெம்பரேனும் வேண்டும். அந்த 50,000 லிட்டரை எடுக்க ஆயிரத்துக்கு 8 யூனிட் என்று தாராளமாகப் போட்டாலும் 400 யூனிட்தான். அதையே ஆவியாக்க, 1 டன் ஸ்டீமுக்கு 4 டன் என்ற கணக்கில், பன்னிரண்டரை டன் ஸ்டீம் வேண்டும். ஒரு கிலோ விறகுக்கு மூன்றரை கிலோ ஸ்டீம் என்றால், தினமும் மூன்றரை டன் விறகு! இதற்குப் பிறகும் ஆர்.ஓ.வில் செலவு செய்யத் தயங்குவது எனக்குப் புரிவதே இல்லை.

ஆனால் மீட்பைக் கூட்டும் முன் கடினத்தன்மையையும் சிலிக்காவையும் இறக்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரே வாரத்தில் மெம்பரேன் அடைத்துக்கொள்ளும். பம்பில் வால்வைப் பாதி மூடி அழுத்தத்தைச் சரிசெய்யும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். வேகத்தைக் குறைக்கும் டிரைவ் போட்டால் வால்வில் வீணாகும் கரண்ட் மிச்சமாகும்.

எவாப்பரேட்டரில் என்னை அதிகம் அலையவிட்டது வேக்கம், அதாவது தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கக் கலனுக்குள் காற்றை உறிஞ்சி வைக்கும் வெற்றிடம். ஒரு நிலையத்தில் மூன்று வாரமாக விறகு கூடிக்கொண்டே போனது. படிவு என்று நினைத்து இரண்டு முறை ஆசிட் கழுவினோம், மாற்றமே இல்லை. கடைசியில் பாய்லர் பார்க்கும் அண்ணன், “சார், கடைசிக் கலன் சூடு பாருங்க, ஏழெட்டு டிகிரி ஏறியிருக்குது” என்றார். ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு ஃபிளாஞ்சாக (போல்ட் போட்ட இணைப்பு) காட்டினோம். பார்வைக் கண்ணாடியின் கேஸ்கட் பக்கம் போனதும் புகை உள்ளே இழுத்தது. கேஸ்கட்டை மாற்றினோம், அன்று மாலையே விறகு பழைய அளவுக்கு வந்தது. அப்போதிலிருந்து ஷிப்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு கலனின் சூட்டையும் எழுதச் சொல்கிறேன். கடைசிக் கலன் சூடேறினால் முதலில் ஊதுபத்தி, அப்புறம் ஆசிட்.

முதல் கலனின் கண்டன்சேட்டைச் சாக்கடையில் விடாதீர்கள், உப்பு கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாய்லருக்குத் திருப்புங்கள். பாய்லர் தண்ணீர் 6 டிகிரி சூடானால் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம்.

கரண்டைக் குறைப்பதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களில் நான் இங்கேதான் இருந்தேன். சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்திருக்கிறேன். செலவு கட்டுப்படியாகாதபோதுதான் சாயக்கழிவை இரவோடு இரவாக ஆற்றில் திறந்துவிடும் எண்ணம் யாருக்காவது வரும்.

கடைசியாக, உப்பு. பட்டறைக்காரர்களிடம் துணியில் சாயம் ஏற்றச் சோடியம் சல்பேட் மட்டும் போடச் சொல்லிக் கேளுங்கள், சாதா உப்பைக் கலக்க வேண்டாம். 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 50 கிராம்வரை கரையும் சல்பேட், 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராம்தான் கரையும். மீதி தண்ணீரையும் தன்னோடு பிடித்துக்கொண்டு படிகமாக இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. படிகம் திரும்பச் சாயத்துக்கே போகும். சாதா உப்பு இப்படிக் குளிரில் இறங்காது. இரண்டும் கலந்தால் பிரிக்க முடியாமல் கலப்பு உப்பாக மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கும், அதை வாங்க ஆள் கிடையாது.