உடல்நலத்துக்காக வேலையை மாற்றித் தரச்சொல்லி மேனேஜரிடம் கேட்பது எப்படி?

"எனக்கு ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கிறது, கொஞ்சம் லேசான வேலையாகக் கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இரண்டுதான். ஒன்று, "நாலு நாள் லீவு போட்டுவிட்டு வாங்க." இன்னொன்று, "யாருக்குத்தான் இல்லை?" மேனேஜர் ஈரமில்லாதவர் என்பதால் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கேட்டதில் அவர் செய்து முடிக்கக்கூடியது எதுவுமே இல்லை என்பதுதான் விஷயம். "லேசான வேலை" என்று எந்த நிறுவனத்திலும் ஒரு பதவி கிடையாது. இரவு ஷிஃப்ட்டிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள், கோபமான வாடிக்கையாளர்களின் போன் கால்கள் எனக்கு வேண்டாம், பத்துப் பேரை நிர்வகிக்கும் பொறுப்பை விட்டுவிட்டுப் பழையபடி என் வேலையை மட்டும் பார்க்கிறேன், இப்படிக் கேட்டால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

ஆகவே பேசுவதற்கு முன்னால், உடம்பைக் கெடுப்பது குறிப்பாக எது என்று கண்டுபிடியுங்கள். இது தோன்றுகிற அளவுக்கு எளிதில்லை. வேலை அதிகம், அதனால் பிரஷர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் 1979-லேயே ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர், வேலைப்பளு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை, பளு அதிகமாகவும் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் பாதிப்பு மிகுதி என்று எழுதினார். லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், தன் வேலையின் மேல் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. உங்களுக்கு இதனால் என்ன? பயந்துபோய் இரண்டு படி கீழே இறங்கி, எதற்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய ஒரு வேலைக்குப் போனால், பளு குறைந்தும் உடம்பு தேறாமல் போகலாம். சின்ன வேலை எல்லாம் நிம்மதியான வேலை என்று நம்பி இறங்கிவிடாதீர்கள்.

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். என்ன நடந்தது, எப்போது, உடம்பு என்ன செய்தது, அவ்வளவு போதும். "திங்கள் மாலை மீட்டிங், இரவு தூக்கமில்லை." "ஆன்-கால் வாரம், மூன்று நாள் தலைவலி." (ஆன்-கால் என்றால் எந்த நேரம் அழைத்தாலும் வேலைக்குத் தயாராக இருப்பது.) டாக்டர் ரத்த அழுத்தத்தை வீட்டில் அளக்கச் சொல்லியிருந்தால் அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அதைச் சலித்துப் பார்க்க பிரிட்டனின் வேலைப் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் ஆறு தலைப்புகள் உதவும்: வேலையின் அளவு, அதன் மேல் உங்களுக்கு இருக்கும் பிடி, கிடைக்கும் ஆதரவு, கூட இருப்பவர்களுடனான உறவு, உங்கள் பொறுப்பு எதுவென்ற தெளிவு, மாற்றங்களை நிர்வாகம் கையாளும் விதம். நோட்டில் இருப்பதில் பாதிக்கு மேல் ஒரே தலைப்பில் போய் விழுந்தால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எல்லாம் ஒரே ஒரு மனிதரைச் சுற்றியே இருந்தால், பதவி மாற்றம் இல்லை, டீம் மாற்றம்தான் தேவை. அது வேறு பேச்சு.

அடுத்தது டாக்டர். மேனேஜரிடம் போவதற்கு முன் இவரிடம் போங்கள், பின்னால் இல்லை. நோயின் பெயரை எழுதிய ஒரு சர்டிஃபிகேட்டை வாங்கி வருவது பலரின் வழக்கம். அதைவிட, உங்களால் என்ன முடியும், என்ன முடியாது, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதிய கடிதம்தான் பயன்படும். "இரவு வேலையைத் தவிர்க்க வேண்டும், வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்." இதை ஹெச்.ஆர். அப்படியே எடுத்துச் செயல்படுத்த முடியும். பிரிட்டனில் டாக்டர்கள் தரும் படிவத்திலேயே இதற்கு நான்கு கட்டங்கள் இருக்கின்றன: படிப்படியாக வேலைக்குத் திரும்புவது, பணிகளை மாற்றுவது, நேரத்தை மாற்றுவது, பணியிடத்தில் வசதி செய்வது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு படிவம் இல்லாவிட்டாலும் இந்த நான்கையும் சொல்லி எழுதித் தரக் கேட்கலாம். வேலையில் என்னென்ன செய்கிறீர்கள் என்று டாக்டருக்குத் தெரியாது, நீங்கள்தான் அந்த நோட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. "பர்ன்அவுட்" (வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவது) என்று மட்டும் எழுதிய சீட்டு பல இடங்களில் எடுபடாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதைத் தன் பட்டியலில் விளக்கியபோது, வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் சொன்னது, நோய் என்று சொல்லவில்லை. உயர் ரத்த அழுத்தம், மனச்சோர்வு நோய், பதற்றக் கோளாறு, ஒற்றைத் தலைவலி என்று டாக்டர் கண்டறிந்த ஒன்று இருந்தால் கடிதம் அதன் மேல் நிற்கட்டும். நீண்ட நேர வேலைதான் உங்கள் பிரச்சினை என்றால் கையில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் மதிப்பிட்டன. இதை மேனேஜரின் முகத்தில் வீசுவதற்காகச் சொல்லவில்லை. "இது என் பலவீனம்" என்று உங்களுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கும் இல்லையா, அதற்காக.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள், மிரட்டுவதற்கு அல்ல, எதுவரை கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள. அமெரிக்காவில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமென்றால், உங்கள் உடல்நலக் குறைபாடு அங்குள்ள சட்டம் சொல்லும் வரம்புக்குள் வந்தால், காலியாக இருக்கும் வேறு பதவிக்கு மாற்றுவதும் அவர்கள் பரிசீலிக்க வேண்டிய ஒன்று. ஆனால் உங்களுக்காகப் புதிதாக ஒரு பதவியை உருவாக்க வேண்டிய கட்டாயம் இல்லை, மேலதிகாரியை மாற்றித் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரிட்டனில் 2010-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதிப்பு கணிசமானதாகவும் 12 மாதமாவது நீடிப்பதாகவும் இருந்தால் "நியாயமான மாற்றங்கள்" செய்வது நிறுவனத்தின் கடமை. இந்தியாவில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20-ம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட அரசு ஊழியரை அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்றச் சொல்கிறது. வெறும் களைப்புக்கு இவை எதுவும் பொருந்தாது. பொருந்தாவிட்டாலும் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, நிறுவனத்தின் சொந்த விதிப் புத்தகத்திலேயே இதற்கு வழி இருக்கலாம், அதை முதலில் படியுங்கள்.

இப்போது எப்போது கேட்பது. ஏதோ சண்டை போட்டுவிட்டு அதே சூட்டில் கேட்காதீர்கள். அப்ரைசல் பேச்சின் நடுவிலும் வேண்டாம். ஆனால் உடம்பு சரியில்லாமல் வேலை ஏற்கெனவே சறுக்க ஆரம்பித்திருந்தால் நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்காமல் உடனே கேளுங்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு கேட்டால் உண்மையும் சாக்காகத்தான் தெரியும்.

நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதில் என் கருத்து: மேனேஜருக்கு, "ஒரு உடல்நலப் பிரச்சினைக்குச் சிகிச்சையில் இருக்கிறேன், வேலையில் சில மாற்றங்கள் தேவை என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார்" என்பதே போதும். மருத்துவ விவரம் தேவையென்றால் ஹெச்.ஆருக்கோ நிறுவனத்தின் டாக்டருக்கோ கொடுங்கள், அங்கும் கேட்டதற்கு மட்டும். முக்கியமாக மனநலம் என்றால், சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. பல வருடம் பழகி, நம்பிக்கையான மேனேஜர் என்றால் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நேரில் ஒரு பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய இப்படிப் பேசலாம்:

"எனக்கு இந்த நிறுவனத்தில் தொடர வேண்டும், அதனால்தான் முன்கூட்டியே பேசுகிறேன். உடல்நிலை காரணமாக ஆன்-கால் வேலையையும் இரவு ஷிஃப்ட்டையும் நிறுத்தச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். இதே பதவியில் அந்த இரண்டை மட்டும் எடுக்க முடிந்தால் எனக்குப் போதும். முடியாது என்றால் மூன்று மாதத்துக்கு மட்டும் செய்து பார்க்கலாம். அதுவும் கஷ்டம் என்றால், டாக்குமென்டேஷன் டீமில் இருக்கும் காலியிடத்துக்கு நான் பொருந்துவேன் என்று நினைக்கிறேன். என் வேலையை யாரிடம் எப்படி ஒப்படைக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்."

இதில் மூன்று வழி இருப்பதைக் கவனியுங்கள், உங்களுக்கு அதிகம் பிடித்தது முதலில். ஒரே ஒரு கோரிக்கையோடு போனால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். உள்ளுக்குள் எங்கே காலியிடம் இருக்கிறது, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று முன்பே அந்த டீமில் ஒருவரிடம் டீ நேரத்தில் விசாரித்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அமைதியாகத் தெரியும் டீம்கள் சிலவற்றில் மாதக் கடைசி நரகமாக இருக்கும். அப்புறம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசாதீர்கள். அழுகை வந்தால் வரட்டும், தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள், ஆனால் அந்த நிலையில் "சரி, பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். உடனே பதில் கேட்காதீர்கள், எந்தத் தேதிக்குள் தெரியும் என்று கேளுங்கள்.

அன்றைக்கே இமெயில் போட்டுவிட வேண்டும். நீளமாக வேண்டாம்:

"இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. மருத்துவ ஆலோசனைப்படி நான் கேட்டவை: (1) ஆன்-கால் மற்றும் இரவு ஷிஃப்ட்டிலிருந்து விலக்கு, (2) இல்லையெனில் மூன்று மாதத் தற்காலிக ஏற்பாடு, (3) இல்லையெனில் டாக்குமென்டேஷன் டீமுக்கு மாற்றம். டாக்டரின் கடிதத்தை ஹெச்.ஆரிடம் தருகிறேன். இரண்டு வாரத்துக்குள் முடிவைத் தெரிவிப்பதாகச் சொன்னீர்கள்."

சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு அதிகம் வருந்துகிறார்கள். வேலை மாறினால் சம்பளம் குறையுமா, கிரேடு மாறுமா, இன்சென்டிவ் போகுமா, மருத்துவக் காப்பீடு அப்படியே இருக்குமா, இந்த வருட அப்ரைசல் யார் போடுவார், பழைய பதவிக்குத் திரும்ப வழி உண்டா, எல்லாவற்றையும் சம்மதிப்பதற்கு முன் கேளுங்கள். வேலை லேசாகிறது என்பதற்காகச் சம்பளம் குறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில், முதுகுப் பிரச்சினையால் சுலபமான வேலைக்கு மாற்றப்பட்ட ஒருவருக்குப் பழைய சம்பளத்தையே தொடர்வதும் நியாயமான மாற்றத்தில் சேரும் என்று 2016-ல் தீர்ப்பு வந்தது. எல்லா இடத்திலும் அது கிடைக்கும் என்று சொல்லவில்லை. குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்று எழுத்தில் வரட்டும், வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஹெச்.ஆரிலிருந்து ஒரு கடிதத்தை நீட்டி, "சொந்தக் காரணங்களுக்காக, என் விருப்பத்தின்பேரில் பதவி இறக்கத்துக்குச் சம்மதிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கலாம். சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் "சொந்தக் காரணம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு ஒரு தகராறு வரும்போது உடல்நலம் என்ற பேச்சே காகிதத்தில் இருக்காது. "மருத்துவ ஆலோசனைப்படி" என்று மாற்றித் தரச்சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு மறுநாள் தருகிறேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இல்லை என்று சொல்லிவிட்டால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கோபமில்லாமல். "இது முடியாது என்றால் வேறு என்ன முடியும்?" என்ற கேள்வியையும் கூடவே வையுங்கள், அதற்கு மௌனமாக இருப்பது மேனேஜருக்கும் சிரமம். அப்புறம் ஹெச்.ஆர்., முறையீட்டுக் குழு, யூனியன், தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் என்று ஒவ்வொன்றாக. மருத்துவ விடுப்பு பாக்கி இருந்தால் இந்தக் காலத்தில் எடுக்கலாம். அந்த வாரத்திலேயே ராஜினாமா எழுத வேண்டாம். வெளியே வேலை தேட வேண்டியதுதான் என்று முடிவானாலும், கையில் ஒன்று கிடைத்த பிறகு எழுதுவது நல்லது. உடம்பு இனி ஒரு நாளும் தாங்காது என்று டாக்டரே சொன்னால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேறு.

கிடைத்துவிட்டால், பழைய வேலை உங்கள் பின்னாலேயே வரும், அதற்குத் தயாராக இருங்கள். "இந்த ஒரு ஃபைலை மட்டும் பார்த்துக் கொடுங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்று முதல் வாரமே ஆரம்பிப்பார்கள், நல்ல மனசோடு நீங்களும் செய்வீர்கள், ஒரு மாதத்தில் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருப்பீர்கள். ஒப்படைப்பு முடியும் தேதியை மேனேஜர் பெயரிலிருந்தே டீமுக்கு இமெயிலாகப் போகச் செய்யுங்கள். ஏன் மாறினாய் என்று கேட்கிறவர்களுக்கு "கொஞ்சம் வேறு வேலை பார்க்கலாம் என்று" என்ற பதில் போதும். நோட்டில் குறிப்பதையும் நிறுத்தாதீர்கள். ஆறு வாரம் கழித்து மேனேஜருடன் ஒரு சந்திப்பை இப்போதே காலண்டரில் போட்டு வையுங்கள். தூக்கமும் தலைவலியும் அதற்குள் மாறாமல் இருந்தால், வேலையிலிருந்து எடுத்த விஷயம் தவறா, அல்லது மருந்து பொருந்தவில்லையா என்று டாக்டரிடமும் நோட்டோடு போய்ப் பாருங்கள்.