போல்ட் உட்கார்ந்தால் போதாது: முன் சப்ஃபிரேம் மாற்றுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அண்ணன் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். 1993-ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5 என்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறான். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிற நாடு அது. முன் சப்ஃபிரேம், அதாவது பாடிக்கு அடியில் போல்ட்டால் பிடித்திருக்கும் இரும்புச் சட்டம், துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. "சித்தப்பா, அடுத்த தலைமுறை வண்டியோட சப்ஃபிரேம் மலிவா கிடைக்குது. போல்ட்டெல்லாம் அப்படியே உக்காருதாம், மாட்டிடட்டுமா?" என்று கேட்டான். குன்னூரில் பல வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவன் நான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அவன் கேள்விப்பட்டது சரிதான். 1989-ல் வந்த முதல் தலைமுறைக்கு என்ஏ என்று பெயர், அவன் வண்டி அதுதான். 1998 முதல் 2005 வரை வந்தது என்பி. என்பி-யின் சப்ஃபிரேம் என்ஏ பாடியில் ஏறிவிடும். 2005-ல் வந்த என்சி வேறு அடித்தளத்தில் செய்த வண்டி, அதை இதில் சேர்க்க முடியாது.

ஏறிவிடுகிறதே என்று நம்புவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. இந்த வண்டியில் இன்ஜின் சப்ஃபிரேம் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகம்), சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் எல்லாம் அதில்தான் பிடித்திருக்கின்றன. என்பி-யில் முன்பக்க ஸ்டீயரிங் ஜியாமெட்ரியை, அதாவது பாகங்கள் இருக்கும் இடத்தையும் கோணத்தையும், திருத்தினார்கள். அதனால் சப்ஃபிரேமை மட்டும் புதியதிலிருந்து எடுத்துக்கொண்டு, நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் பாகம்) டை ராடையும் (ராக்கிலிருந்து நக்கிளைத் தள்ளி இழுக்கும் கம்பி) பழையதிலேயே விட்டுவிடக் கூடாது. எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வர வேண்டும்.

கலந்து மாட்டினால் என்ன ஆகும்? சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆர்ம் ஒரு வளைவில் நகர்கிறது, டை ராடும் தன் வளைவில் நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்டீயரிங்கை அசைக்காமலேயே சக்கரம் தானாகத் திரும்பும். பம்ப் ஸ்டீயர் என்பது இதுதான். கோயம்புத்தூர் பைபாஸில் இது தெரியாமலே போய்விடலாம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது நிச்சயம் தெரியும். 14 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதித்தபடி திரும்புகிறோம், மூக்கு தாழ்கிறது, வெளிப்பக்கச் சக்கரம் அமுங்குகிறது, உள்பக்கச் சக்கரம் தொங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம் வந்தால், வண்டி நாம் நினைத்த பக்கம் போகாது. எனக்கு ஒரு முறை பர்லியாறுக்கு மேலே அப்படி நடந்தது. இன்றைக்கும் அந்த வளைவில் கை தானாக இறுகும்.

இதை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஒர்க்‌ஷாப்பிலேயே அளந்துவிடலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டுங்கள். சக்கரம் மாட்டுகிற ஹப்பில் நேரான பலகை ஒன்றைப் பிடித்து, வண்டிக்குப் பக்கவாட்டில் ஒரு நூல் கட்டுங்கள். ஜாக்கியால் சக்கரத்தை ஒவ்வொரு சென்டிமீட்டராக உயர்த்தி, பலகையின் இரு முனையும் நூலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் மாறிக்கொண்டே போனால் அதுதான் பம்ப் ஸ்டீயர். அரை நாள் ஆகும். சக்கரங்களின் கோணம் பார்க்கும் அலைன்மென்ட் மெஷின் இதைக் காட்டாது. அது வண்டியை நிற்கிற உயரத்தில் மட்டும்தான் அளக்கிறது.

அடுத்தது புஷ், அதாவது ஆர்ம் பிடிக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறை. ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கி முடித்துவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். சக்கரம் தரையில் நிற்கிற உயரத்துக்குத் தூக்கி வைத்த பிறகுதான் கடைசி முறுக்கு, அதுவும் குறித்த விசைக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சில். இந்த வண்டியில் கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாய்கிற கோணம்) சரிசெய்கிற போல்ட்டுகள் புஷ்ஷுக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடுவது வழக்கம். சுத்தியலால் அடித்து, சப்ஃபிரேமில் ஆர்ம் பிடிக்கும் காதை நெளித்துவிடாதீர்கள். புதிய போல்ட், புதிய புஷ், உள்ளே கிரீஸ்.

பழைய சப்ஃபிரேம் வாங்கும்போது பெயின்ட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆர்ம் பிடிக்கும் இடங்களின் வெல்டிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இடித்த வண்டியின் சட்டமாக இருந்தால் அளவு காட்டிக்கொடுத்துவிடும். துரு பெட்டி வடிவத்துக்குள்ளேதான் முதலில் பிடிக்கும். மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் நம் ஊரிலும் அப்படித்தான். மாட்டும் முன் உள்ளே துருத் தடுப்பு மெழுகு அடித்துவிடுங்கள்.

வேலை செய்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலகிரியில் வீட்டு முற்றம் சமமாக இருப்பதே அபூர்வம். சரிவில் ஸ்டாண்ட் வைத்துச் சப்ஃபிரேமை இறக்க வேண்டாம், உயிர் போகிற விஷயம் அது. இன்ஜினை மேலிருந்து தொங்கவிடுங்கள், ஆயில் பான் அடியில் ஜாக்கி கொடுத்து நிறுத்தாதீர்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ராக்கைக் கழற்றும் முன் ஸ்டீயரிங்கைக் கட்டி வையுங்கள். அது சுழன்றால் உள்ளே இருக்கும் சுருள் ஒயர் அறுந்துவிடும். காலிப்பரை (பிரேக் பேட்டை அழுத்தும் பாகம்) பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

இந்தியாவில் வேறு எந்த வண்டியில் இப்படிச் செய்தாலும் வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மறக்கக் கூடாது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம், சிறைத் தண்டனையும் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து அலைன்மென்ட் பார்த்ததும் நேராக மலை இறங்காதீர்கள். சமமான ரோட்டில் மெதுவாக ஓட்டி, பிரேக் போட்டுப் பார்த்து, திரும்பி வந்து எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். அண்ணன் மகன் இப்போது நக்கிளும் டை ராடும் சேர்ந்த ஒரு முழு செட் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைத்ததும் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வெல்டிங்குகளை நானும் பார்க்க வேண்டும்.