சென்னைத் தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு: வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

இந்த வேலைகளுக்குச் செப்டம்பர்தான் சரியான மாதம். முதல் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பிளம்பரும் கிடைக்கமாட்டார், எலக்ட்ரீஷியனும் கிடைக்கமாட்டார்.

உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வரும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் வருவது அடையாறு கரைமீறும் வெள்ளம். மழை விட்ட பிறகும் ஏறும், இழுவையும் இருக்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டபோது அதைப் பார்த்தோம். அங்கே இருப்பவர்கள் ஏரியின் மட்டத்தைத் தினமும் கவனிக்க வேண்டும். முழு உயரம் 24 அடி. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கதை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்ததுபோல் தண்ணீர் வடிய வழியின்றி நாள்கணக்கில் நிற்கும். ஆற்றோரத்தில் சீக்கிரம் கிளம்புவது முக்கியம். தாழ்வான பகுதியில் கையிருப்பு முக்கியம்.

பழைய வெள்ளத்தின் கறை சுவரில் எதுவரை இருக்கிறதோ, அதற்கு ஓர் அடி மேலே பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். இனி எல்லாவற்றுக்கும் அந்தக் கோடுதான் அளவு.

பெரும்பாலானோர் வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது கழிவறையில்தான். தெருச் சாக்கடை நிரம்பியதும் கழிவுநீர் திரும்பி, வீட்டிலேயே மிகத் தாழ்ந்த திறப்பான குளியலறைத் தரைச்சல்லடை வழியாகவும் கழிவறைக் கோப்பை வழியாகவும் கொப்பளிக்கும். தெரு இணைப்புக்கு முந்தைய கடைசி சேம்பரில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (கழிவுநீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) பொருத்தச் சொல்லுங்கள். அதன் மடலில் தலைமுடியோ துணியோ சிக்கினால் மூடாது. ஆண்டுதோறும் மழைக்கு முன் திறந்து கழுவ வேண்டும். இன்னொன்றும் உண்டு: வால்வு மூடியிருக்கும்போது உங்கள் கட்டடத்துக் கழிவுநீரும் வெளியே போகாது. மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்தால் அது தரைத்தளத்தில் பொங்கும். மாடி வீட்டாரிடம் இதை இப்போதே பேசி வையுங்கள்.

வால்வு இல்லாதவர்கள் தடித்த பாலித்தீன் பையில் பாதி அளவு மணல் போட்டு, தளர்வாகக் கட்டி, கோப்பைக்குள் அழுத்தி வைக்கலாம். இறுக்கிக் கட்டினால் பை கோப்பையின் வடிவத்துக்கு அமராது, ஓரத்தில் கசியும். தரைச்சல்லடைகளின் மேலும் ஒவ்வொரு பை வேண்டும். வாஷிங் மெஷின் கழிவுக்குழாயை மறந்துவிடாதீர்கள்.

வாசல் மூட்டைகளையும் பாதிதான் நிரப்ப வேண்டும். வாயை அடியில் மடித்து, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாறி மாறி அடுக்கி, தண்ணீர் வரும் பக்கம் தார்ப்பாய் விரியுங்கள். வெளியே மூன்று அடியைத் தாண்டினால் எதிர்த்து நிற்காதீர்கள். உள்ளே காலியாக இருக்க வெளியிலிருந்து வரும் அழுத்தம் நாலரை அங்குலச் சுவரைத் தள்ளிவிடும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் சம்ப்பையும் (தரைக்கடித் தொட்டி) மேல்தொட்டியையும் முழுக்க நிரப்புங்கள். காலியான சம்ப் நிலத்தடி நீர் ஏறும்போது கீழிருந்து அழுத்தப்பட்டு விரிசல் விடும். புதைத்த பிளாஸ்டிக் தொட்டி என்றால் அப்படியே மேலே கிளம்பும். சம்ப் வாய் தரைமட்டத்தில் இருந்தால் செங்கல் வைத்து உயர்த்துங்கள். வெள்ளம் சம்ப்புக்குள் போனபின் மோட்டார் போடவே கூடாது. மேலே இருக்கும் நல்ல தண்ணீரையும் அது கெடுத்துவிடும்.

மின்சாரத்தில் பலர் தவறுவது இன்வெர்ட்டரில். மெயின் சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டு வயர்களுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். மின்வாரியமே நிறுத்திவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், எந்த நேரத்திலும் திரும்ப வரும். மெயினை எட்டத் தண்ணீரில் இறங்க வேண்டிய நிலை வந்துவிட்டால் தொடாதீர்கள். மின்வாரியத்தின் 94987 94987 எண்ணில் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். தரைத்தளத்துக்குத் தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), கோட்டுக்கு மேலே பிளக் பாயின்ட்: மூன்றையும் ஒரே நாளில் செய்து முடிக்கலாம்.

கேஸ் சிலிண்டர், நிறைந்ததே ஆனாலும், மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, மாடிக்கு ஏற்றுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேருக்கு ஐந்து நாள் என்றால் 80 லிட்டர், அதாவது நான்கு கேன். பால் பவுடர், அவல், பிஸ்கட், இரண்டு வார மாத்திரை மருந்துகள், சில்லறை நோட்டாகப் பணம் (ஏ.டி.எம். வேலை செய்யாது), டார்ச், பவர் பேங்க். பத்திரம், ஆதார், காப்பீட்டுத் தாள்கள் ஜிப் கவரில். 1913 மாநகராட்சி, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம், 108 ஆம்புலன்ஸ்: இவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

வண்டியை மழைக்கு முதல்நாளே மேட்டுக்குக் கொண்டுபோங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன, காரணம் இருந்தது. நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனிக் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு கைக்காசு. பேட்டரியைக் கழற்றி, கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

கர்ப்பிணி, கைக்குழந்தை, நடமாட முடியாத பெரியவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர் உள்ள வீடு எதற்கும் காத்திருக்கக் கூடாது. ரெட் அலர்ட் வந்த அன்றே மேட்டுப் பகுதி உறவினர் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். முழங்கால் தண்ணீரில் திறந்த மேன்ஹோல் தெரியாது.

தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை போட்டோ எடுப்பது. கழுவியபின் காப்பீட்டுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். சம்ப்பை இறைத்துத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புங்கள். 1000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் அதில் ஊற்றுங்கள். ஒருநாள் விட்டு அதை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் பிடியுங்கள். நெடி போன பழைய பவுடரால் பயன் இல்லை. ஆசிட்டோடு அதைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். சுத்தம் செய்யும்போது கம்பூட்டும் கையுறையும் போடுங்கள். அலமாரிக்கு அடியில் கைவிடுமுன் குச்சியால் தட்டுங்கள், பாம்பு இருக்கலாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லி, எலிக்காய்ச்சலுக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.