பிள்ளைக்கு ஆஸ்துமா இழுப்பு வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி? மலையகப் பெற்றோருக்கு ஒரு செய்முறை

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்க, நல்ல வெயில் நாளிலேயே ஆட்டோவில் முக்கால் மணி நேரம் ஆகும். மழையும் பனிமூட்டமும் சேர்ந்த இரவென்றால் கணக்கே சொல்ல முடியாது. என் மகளுக்கு நான்கு வயதில் பெரிய இழுப்பு வந்தபோது அப்படியொரு இரவில்தான் இறங்கினோம். "பகலெல்லாம் நல்லாத்தானே விளையாடினா" என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார். "முந்தாநாள் மூக்கு ஒழுகினதா? நேத்து விடியக்காலையில இருமினாளா?" இரண்டுக்கும் பதில் ஆமாம்தான். நான் பார்த்திருந்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சளி கூடுகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. பெரும்பாலும் இது ஒரு நிமிடத்தில் நடப்பதில்லை, ஓரிரு நாள் மெதுவாக ஏறும். அந்த ஓரிரு நாள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். டவுனில் இருப்பவர்களைவிட தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் நமக்கு அது பல மடங்கு முக்கியம். நான் வைத்தியர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு டொக்டர் எழுதித் தந்த அளவு இருந்தால் அதுதான் முதலில், கீழே இருப்பது அதற்குத் துணை.

முதல் படி: ஒரு கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி போதும். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வரி எழுதுங்கள்: திகதி, ராத்திரி இருமலா, ஓடும்போதோ சிரிக்கும்போதோ இருமலா, மூக்கு ஒழுகுதா, நீல பம்ப் (இழுப்பை உடனே தளர்த்தும் இன்ஹேலர்) எத்தனை தடவை, அன்று வீட்டில் என்ன நடந்தது. கடைசி விஷயத்தைத் தவறவிடாதீர்கள். "சுவருக்கு சுண்ணாம்பு அடித்தோம்", "பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்கள்", "கோயில் திருவிழா, புகை" என்று எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் பிள்ளையின் தனி வழி தெரியும். என் மகளுக்கு எப்போதும் தடிமன்தான் தொடக்கம். மூக்கு ஒழுகி இரண்டாம் நாள் விடியற்காலை இருமல், மூன்றாம் நாள் இழுப்பு. பிள்ளைகளுக்கு இழுப்பைக் கொண்டுவருவதில் சாதாரண தடிமன் வைரஸ்தான் முன்னணியில் நிற்கிறது.

மாதத்துக்கு ஒருமுறை கொப்பியைத் திருப்பிப் பாருங்கள். கடந்த 4 வாரத்தில் வாரத்துக்கு 2 நாளுக்கு மேல் (5 வயதும் அதற்குக் கீழும் என்றால் 1 நாளுக்கு மேல்) இருமலோ இழுப்போ இருந்ததா? அதே அளவுக்கு நீல பம்ப் தேவைப்பட்டதா? ஒரு இரவாவது அதனால் எழுந்ததா? விளையாட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நோய் முழுதாகக் கட்டுக்குள் இல்லை. கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

இரண்டாம் படி: மூச்சை எண்ணுவது, ஊதிப் பார்ப்பது

சின்னப் பிள்ளை என்றால், நல்ல சுகமாக இருக்கும் ஒரு நாளில் தூங்கும்போது சட்டையை விலக்கி வயிறு ஏறி இறங்குவதை முழு 1 நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். மூன்று நாள் எண்ணினால் வழக்கமான எண்ணிக்கை தெரியும். பிறகு சந்தேகம் வரும் இரவில் எண்ணி ஒப்பிடுங்கள். 1 முதல் 5 வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு. அதோடு விலா எலும்புக்கு நடுவே உள்ளே இழுத்தால் விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஐந்தாறு வயதுக்கு மேல் பீக் ஃப்ளோ மீட்டர் உதவும். ஊதும் காற்றின் வேகத்துக்கு ஏற்ப முள் நகரும் ஒரு குழாய், அவ்வளவுதான். நின்றுகொண்டு, நன்றாக மூச்சிழுத்து, உதட்டை இறுக்கி, பலமாக ஒரே ஊது. மூன்று முறை ஊதி அதிகமானதை எழுத வேண்டும். சுகமாக இருக்கும் 2 வாரம் காலையும் மாலையும் ஊதினால் வரும் ஆகக்கூடிய எண்தான் அந்தப் பிள்ளையின் சொந்த அளவு. அது 200 என்று வைத்துக்கொள்வோம். 160-க்கு மேல் பச்சை, 100-க்கும் 160-க்கும் நடுவில் மஞ்சள், 100-க்குக் கீழே சிவப்பு. அதாவது 80 வீதமும் 50 வீதமும் எல்லைகள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், உயரத்துக்கு ஏற்ப மாறும்.

மஞ்சளில் என்ன செய்வது என்பதை டொக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டுங்கள். மலையில் இருப்பவர்கள் சிவப்பு வரும்வரை வீட்டில் இருக்கக் கூடாது. மஞ்சளில் மருந்து கொடுத்தும் மாலைக்குள் பச்சைக்குத் திரும்பவில்லை என்றால், வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள்.

மூன்றாம் படி: இரண்டு பம்ப், இரண்டு வேலை

நீலம் பெரும்பாலும் சல்பியூட்டமோல். இறுகின தசையை உடனே தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. பழுப்பு பெரும்பாலும் பெக்லோமெத்தசோன். தினமும் எடுத்தால் வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும், இழுப்பு வந்த நேரத்தில் உதவாது. நிறம் மாறலாம், பெயரை வாசித்துப் பழகுங்கள்.

"பம்ப் பழகிப்போகும், பிறகு விடவே முடியாது" என்று எங்கள் அம்மாயி சொன்னதை நம்பி, மகள் நல்லாயிருந்த மூன்று மாதத்தில் பழுப்பை நானே நிறுத்தினேன். அடுத்த தடிமனிலேயே வார்டில் இருந்தோம். பம்ப் போதைப்பொருள் இல்லை. நல்லாயிருப்பதே அந்த மருந்தால்தான். குறைப்பதா நிறுத்துவதா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

பிள்ளைக்குப் பம்பை நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையிலேயே ஒட்டிவிடும், ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குடுவை) வேண்டும். பம்பைக் குலுக்கி ஸ்பேசரில் செருகி, ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். பிள்ளை சாதாரணமாக நான்கைந்து மூச்சு விடட்டும். அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்தது. சின்னப் பிள்ளைக்கு மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளியில்லாமல் மூட வேண்டும். பழுப்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். ஸ்பேசரை சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டும்.

ஸ்பேசர் கையில் இல்லையா? அரை லீட்டர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, பம்பைச் செருகி, சுற்றிலும் காற்றுப் போகாமல் பசையால் அடைத்தால் போதும். பிள்ளை போத்தலின் கழுத்து வழியே மூச்சிழுக்கும். 1999-ல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் பிள்ளைகளிடம் சோதித்தபோது, நன்றாக அடைத்த போத்தல் கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. அடைக்காத போத்தல் அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை.

நம் ஊருக்கு மட்டும் ஒரு விஷயம். நுவரெலியாப் பக்கம் தை மாத விடியலில் புல்லில் உறைபனி விழும் குளிரில், பம்பும் குளிர்ந்து மருந்து சரியாக வராமல் போகலாம். உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துச் சூடாக்கிய பிறகு அடியுங்கள். சல்பியூட்டமோல் பம்பில் வழக்கமாக 200 தடவை இருக்கும். தொடங்கிய திகதியை பம்பிலேயே எழுதி, கொப்பியில் எண்ணிக்கை வையுங்கள்.

நான்காம் படி: வீட்டுக்குள்

லயத்துக் காம்பராவில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது, அது பெற்றோரின் குற்றமும் இல்லை. முடிந்ததைச் செய்வோம். முதலாவது புகை. ஈர மிளாறு (வெட்டிய தேயிலைக் கிளை) அதிகம் புகையும், காய்ந்த விறகைத் தனியாக வையுங்கள். அடுப்பு மூட்டும் நேரத்தில் பிள்ளை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இருக்கட்டும். கொசுவர்த்தி, பீடி, சுருட்டு எதுவும் உள்ளே வேண்டாம். குளித்த பிள்ளைக்கு சாம்பிராணி காட்டுவது நம் அன்பின் பழக்கம் என்று தெரியும், ஆனால் இழுப்புள்ள பிள்ளைக்கு அது விஷப்புகை. தலையைத் துண்டால் உலர்த்தினால் போதும். குளிருக்காக மூடிய அறையில் கரிச்சட்டி வைப்பது இழுப்பில்லாதவர்களையும் கொல்லக்கூடியது.

அடுத்து ஈரம். பூஞ்சணம் பிடித்த சுவரிலிருந்து கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், ஈரத்துணியைப் படுக்கும் அறையில் காயப்போடாதீர்கள். கம்பளியிலும் தலையணையிலும் தூசிப்பூச்சி வாழும். வாரம் ஒருமுறை நல்ல சூடான நீரில் உறைகளை அலசி, வெயில் வந்த அன்றே காயவையுங்கள். தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை செய்பவர்கள் உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது நல்லது. தேயிலைத் தூசி தொழிலாளர்களுக்கே ஆஸ்துமா தரும் என்பதை இலங்கை வைத்தியர் ஒருவர் 1970-லேயே பதிவு செய்திருக்கிறார்.

வாழைப்பழம், தோடம்பழம், தயிர் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. ஒரு சாப்பாட்டால் வருகிறது என்று கொப்பி காட்டினால் மட்டும் டொக்டரிடம் பேசுங்கள்.

ஐந்தாம் படி: வந்துவிட்டால்

படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள். நீல பம்ப் 4 தடவை, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. பிறகு 4 நிமிடம் பாருங்கள். குறையவில்லையா, இன்னொரு 4. அப்போதும் குறையவில்லை என்றால் 1990-ஐ அழையுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் இலவசம். அது ஏறி வர நேரமாகும் இடம் என்றால், பாதி வழியில் எங்கே சந்திப்பது என்று அவர்களிடமே கேட்டு ஆட்டோவில் புறப்படுங்கள். வழியிலும் 4 நிமிடத்துக்கு ஒருமுறை 4 தடவை தொடரட்டும்.

ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியவில்லை, தொண்டைக்குழி உள்ளே இழுக்கிறது, உதடு நீலமாகிறது, அசந்து போகிறது என்றால் எண்ணிக்கொண்டு நிற்காமல் அழையுங்கள். சத்தமாக இருந்த விசில் திடீரென்று அடங்கி, பிள்ளையும் சோர்ந்தால் அது குணமாவது இல்லை, காற்றே போகவில்லை என்று அர்த்தம். ஆவி பிடிப்பது, நெஞ்சில் தைலம் தேய்ப்பது, சுடுகோப்பி எல்லாம் நேரத்தைத் தின்னும். ஆவிப்பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்தும் உண்டு.

ஆறாம் படி: திரும்பி வந்த பிறகு

இரண்டொரு நாளுக்குள் மறுபடி டொக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் ஒரு பம்பும் ஸ்பேசரும் பள்ளிக்கூடப் பையில் போகட்டும். வகுப்பு டீச்சருக்கும் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) இருக்கும் அக்காவுக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள்.

அன்றிரவே கொப்பியைத் திறந்து, இழுப்பு வந்த நாளுக்கு முந்தைய மூன்று வரிகளைச் சிவப்புப் பேனாவால் கோடிடுங்கள். என் கொப்பியில் இப்போது அப்படி ஐந்து இடம் இருக்கிறது. ஐந்திலும் முதல் வரி ஒன்றேதான்: "காலையில் மூக்கு ஒழுகியது."